விருந்துக்கு வந்த வீட்டில் குட்டியைக் காணவில்லை
வாசகர் கேள்வி – பதில்

விடுமுறைக்குக் கொழும்பிலுள்ள உறவினர் வீட்டுக்கு நாய்க்குட்டியோடு வந்து, வந்த இடத்தில் அதைத் தொலைத்தவர்களின் கடிதங்கள் இம்முறை கூடுதலாக வந்திருக்கின்றன. மற்றக் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வந்தோம். பத்துக் கிழமைக் குட்டி. சாமான் இறக்கும் சந்தடியில் கேற் திறந்து கிடந்தது. பிள்ளைகள் காலி வீதி வரை ஓடி ஓடிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆறு மணித்தியாலம் கழித்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர்ப் பெட்டிக்குள் இருந்தது. எப்படித் தேடியிருக்க வேண்டும்?

பிள்ளைகளைக் காலி வீதிக்கு ஓடவிட்டதுதான் முதற் பிழை. நல்ல வேளை, குட்டியோடு பிள்ளைகளையும் தேட வேண்டி வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு கிழமைக் குட்டி பயந்தால் தூரம் போகாது. கிட்டடியில் இருட்டாக, முதுகுக்கு ஒரு சுவரோடு கிடைக்கும் பொந்துக்குள் புகுந்து மூச்சுக் காட்டாமல் கிடக்கும். பெயர் பழகி இரண்டு கிழமையும் ஆகாத குட்டிக்கு, நாலு பேர் நாலு பக்கமும் நின்று கத்துவது இன்னொரு பயம், அவ்வளவுதான். இன்னொன்று, அது வந்திருப்பது புது இடம். தங்கச்சி வீட்டை அது வீடென்று அறியாது. அதற்கு வீடு என்பது உங்கள் மணமும் குரலும்தான். "பசித்தால் தானாக வரும்" என்று அயலவர் சொல்வது சொந்த ஊரில் சரிவரலாம், இங்கே சரிவராது.

ஆகவே, குட்டிக்கு மிகவும் பழக்கமானவர் கேற்றடியில் நிலத்தில் இருக்க வேண்டும். அவர் எங்கும் போகக் கூடாது. சாதாரணக் குரலில், வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தால் போதும். இன்னொருவர் வீட்டுக்குள் தேட வேண்டும். ஆம், வீட்டுக்குள். கேற் திறந்திருந்தது என்பதால் குட்டி வெளியேதான் போனது என்றாகாது. பிரிட்ஜின் பின்புறம் (மோட்டர்ச் சூடு அதற்குப் பிடிக்கும்), வோஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, காஸ் சிலிண்டர் வைக்கும் அலுமாரி, செருப்புத் தட்டு, நீங்கள் கொண்டுவந்த பயணப் பைகள். செட்டியின் அடியைக் குனிந்து பார்ப்பது போதாது. அடித்துணி கிழிந்திருந்தால் குட்டி அதற்குள் ஏறிப் படுத்திருக்கும், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

ஓர் அளவு சொல்கிறோம்: தலை நுழையும் இடத்தில் உடம்பும் நுழையும். ஒரு தேநீர்க் கோப்பையைப் படுக்கவைத்துத் தள்ளினால் போகிற இடைவெளி எதையும் "இதற்குள் எப்படிப் போகும்" என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்குள் இருபது நிமிடம் போதும். பிறகு இரண்டு பக்கத்து வீடுகள், பின்வீடு, எதிர்வீடு. வெள்ளவத்தை வளவுகள் மதிலோடு மதில் ஒட்டியவை. மதிலின் அடியில் மழைநீர் போகவென்று விட்ட ஓட்டைகள் குட்டிக்குத் தனி ஒழுங்கை மாதிரி. வீட்டுக்காரரிடம் "குட்டியைக் கண்டீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அவர் பார்த்திருக்க மாட்டாரே. "ஐந்து நிமிடம் உங்கள் வளவைக் குனிந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மோட்டர்ப் பெட்டி, அடுக்கிய ஓடு, பூச்சாடிகளின் பின்புறம், நிலக்கீழ்த் தண்ணீர்த் தொட்டியின் மூடி, வாகனத்தின் அடி எல்லாம் முழங்காலில் நின்று பார்க்க வேண்டியவை. வாகனத்தின் அடியை மட்டுமல்ல, சில்லுக்கு மேலுள்ள வளைவையும் பாருங்கள். அந்த வீட்டார் வாகனத்தை எடுக்கும் முன் பொனற்றில் இரண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்கள்.

அடுக்குமாடி என்றால் லிப்டை மறக்கக் கூடாது. கதவு திறந்தபோது உள்ளே போன குட்டி வேறு மாடியில் இறங்கியிருக்கும். கீழிருந்து மேலாக ஒவ்வொரு மாடியின் நடைபாதையையும், குப்பை வைக்கும் அறையையும், ஜெனரேட்டர் அறையையும் பார்க்க வேண்டும். வாசலில் இருக்கும் செக்கியூரிட்டியிடம் கமராப் பதிவைப் பார்க்கக் கேட்பது முதல் அரை மணித்தியாலத்திலேயே நடக்க வேண்டிய வேலை. குட்டி கட்டடத்தை விட்டுப் போனதா இல்லையா என்ற ஒரே விடை, தேடலில் பாதியைக் குறைத்துவிடும்.

அடுத்தது கான். ஒழுங்கையோரக் கான்களின் மேல் போட்டிருக்கும் கொங்கிரீட் சிலாப்புகளில் ஒன்று உடைந்திருந்தால் போதும். கானுக்குள் விழுந்த குட்டி நேரே போகும், திரும்பாது. விழுந்த ஓட்டைக்குக் கீழே பார்த்துவிட்டுப் போகாமல், தண்ணீர் ஓடும் திசையில் அடுத்தடுத்த திறப்புகளில் டோர்ச் அடித்துப் பாருங்கள். பின்னேர மழை கறுத்து வருகிறதென்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் கானைப் பாருங்கள். கொழும்பில் அரை மணி நேர மழைக்கே கான் நிரம்பிவிடும்.

டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள், இடுப்பளவில் அல்ல. அப்போதுதான் குட்டியின் கண் திருப்பி அடிக்கும் ஒளி உங்கள் கண்ணுக்கு வரும். வளர்ந்த நாயின் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னும். மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அது நீலம் கலந்த மங்கல் ஒளிதான். கண்ணாடித் துண்டு என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

காகங்களையும் கவனியுங்கள். ஒரு மதில் மூலையில் ஏழெட்டுக் காகம் கூடிநின்று கீழே பார்த்துக் கரைகிறதென்றால் போய்ப் பாருங்கள். பூனையாகவும் இருக்கலாம், உங்கள் குட்டியாகவும் இருக்கலாம்.

முதல் இரவில் கிடைக்கவில்லையா? காலி வீதி இரைச்சல் அடங்கும் விடியப்புறம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் இரண்டு பேர் மட்டும் போங்கள். இருபது அடி நடந்து, ஐந்து நிமிடம் அசையாமல் நின்று காதுகொடுங்கள். பகலில் கேட்காத முனகல் அப்போது கேட்கும். ரயில் பாதைப் பக்கம் போவதாக இருந்தால் மரைன் டிரைவ் ஓரத்திலிருந்தே டோர்ச் அடியுங்கள், தண்டவாளத்தில் இறங்கி நடக்க வேண்டாம். கடல் இரைச்சலில் ரயில் வருவது கேட்காது.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டிலிருந்து ஐந்து மாதக் குட்டி ஓடிவிட்டது. இரண்டாம் நாள் கண்டோம். ஆனால் எங்களையே கண்டு ஓடுகிறது. எங்களை மறந்துவிட்டதா?

மறக்கவில்லை. பயத்தில் இருக்கும் நாய்க்கு முதலில் தெரிவது ஆள் அல்ல, அசைவு. நேரே நடந்து வரும் எவரும் அதற்குத் துரத்துபவர்தான். மணம் மூக்குக்குப் போய்ச் சேரும்வரை நீங்கள் யாரென்று அதற்குப் பிடிபடாது. ஐந்து மாதம் என்றால் பத்துக் கிழமைக் குட்டி மாதிரிப் பொந்தில் கிடக்காது, நன்றாக ஓடும். அதனால் துரத்துவது இரட்டிப்புப் பிழை. ஒரு முறை துரத்தினால் அது அந்த ஒழுங்கையையே கைவிட்டுப் பெரிய வீதியைக் கடந்துவிடும்.

கண்டவுடன் நில்லுங்கள். பக்கவாட்டாகத் திரும்பி நிலத்தில் இருங்கள். கண்ணைப் பார்க்காதீர்கள், பெயரையும் கூப்பிடாதீர்கள். கையிலிருக்கும் சாப்பாட்டில் சிறு துண்டுகளை அதன் பக்கம் எறியாமல், உங்களைச் சுற்றிப் போடுங்கள். எறிவது கல் எறிவது போலத் தெரியும், தெருவில் இரண்டு நாள் நின்ற நாய் அதை நன்றாகவே படித்திருக்கும். பிஸ்கட் வேண்டாம், மணம் போதாது. ரின்மீன், பொரித்த கோழி ஈரல், சுட்ட கருவாடு இவற்றில் ஒன்று நல்லது. கருவாடு மணத்துக்கு மட்டும்தான். உப்பு அதிகம், தின்னக் கொடுக்காதீர்கள்.

கிட்ட வந்தவுடன் பாய்ந்து பிடிப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். முதல் முறை கையில் தின்னவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோகாமல், நெஞ்சுக்குக் கீழிருந்து கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரலை நுழைத்து, உடம்போடு அணைத்து, துவாயால் சுற்றுங்கள்.

பிடித்த பிறகு தொலைப்பவர்களும் உண்டு. கையில் ஏந்திக்கொண்டு ஓட்டோவில் ஏறுவார்கள். ஹோர்ன் சத்தத்துக்கு ஒரு துள்ளல், திறந்த பக்கத்தால் வெளியே. தேடப் போகும்போதே ஸிப் இழுத்து மூடும் பையோ மூடியுள்ள கூடையோ கொண்டுபோங்கள்.

தெருநாய்கள் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்குச் சோறு வைக்கும் ஓர் அம்மாவோ ஐயாவோ இருப்பார். அவரைக் கண்டுபிடியுங்கள். புதிதாக ஒரு நாய் வந்தால் அந்தத் தெருவில் முதலில் அறிபவர் அவர்தான். அடுத்தது விடியவே வீதி கூட்டுபவர்கள், பேப்பர் போடுபவர், ஒழுங்கை ஒழுங்கையாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண்காரர், சந்தி ஓட்டோக்காரர்கள்.

கேள்வி: நாளை மறுநாள் திரும்பிப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. குட்டி இன்னும் கிடைக்கவில்லை. கொழும்பிலிருக்கும் மச்சாள் தேடுவதாகச் சொல்கிறா. போகலாமா?

ஒருவராவது நிற்பது நல்லது. மச்சாள் எவ்வளவு அக்கறையோடு தேடினாலும் குட்டிக்கு அவ அந்நியர்தானே. ஒருவரும் நிற்க முடியாதென்றால், இரண்டு இரவு உடுத்துப் படுத்த, தோய்க்காத சாரம் அல்லது ரீசேர்ட் நாலைந்தைத் தனித்தனிப் பொலித்தீன் பைகளில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள். குட்டி கடைசியாக நின்ற இடத்தில், மழை படாத கூரைக்கடியில் ஒன்றை விரித்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை புதியதைப் போட வேண்டும். நனைந்த துணி பயன்படாது. சாப்பாட்டை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் காகமும் பூனையும்தான் கொழுக்கும், தெருநாய்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் குட்டி கிட்டவும் வராது. யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணித்தியாலத்துக்கு மட்டும், தினமும் ஒரே நேரத்தில் வையுங்கள். குட்டியைக் கண்டால் மச்சாள் பிடிக்கப் போக வேண்டாம். உங்களுக்கு வீடியோக் கோல் எடுத்து, உங்கள் குரலைக் கேட்கச் செய்யட்டும்.

கேள்வி: நோட்டீஸ் அடித்து ஒட்டினோம். ஒரு கோலும் வரவில்லை. என்ன எழுத வேண்டும்?

அனுப்பியிருந்த நோட்டீஸைப் பார்த்தோம். குட்டியின் குணநலன்கள் பற்றி எட்டு வரி, போன் நம்பர் கடைசியில் எறும்பளவில். ஓட்டோவில் போகிறவர் படிக்கக் கிடைப்பது மூன்று விநாடி. ஏ4 தாளில் பாதிக்கு ஒரே ஒரு போட்டோ, நிற்கும் நிலையில், பக்கவாட்டாக. மடியில் வைத்துக் கொஞ்சும் போட்டோவில் அளவு தெரியாது. அதன் மேலே தடித்த எழுத்தில் சிங்களத்திலும் தமிழிலும் "நாய்க்குட்டி காணவில்லை", கீழே நம்பர். ஆங்கிலத்தில் மட்டும் அடித்திருந்தீர்கள். வீதியில் நாள் முழுக்க நிற்கும் ஆட்களுக்கு அது உதவாது. "துரத்த வேண்டாம், கோல் எடுங்கள்" என்று ஒரு வரி கட்டாயம். நம்பர் இரண்டு இருக்கட்டும், ஒன்று உள்ளூர் உறவினருடையது. மழைக்காலத்தில் பொலித்தீன் உறையின் வாயைக் கீழ்நோக்கி வைத்து ஒட்டுங்கள், மேல்நோக்கி வைத்தால் தண்ணீர் நிரம்பும்.

சிங்களம் அவ்வளவாக வராதவர்களுக்கு: "மே பலு பெட்டியாவ தெக்காத?" என்றால் இந்த நாய்க்குட்டியைக் கண்டீர்களா. "பஸ்ஸென் துவன்ன எபா, கோல் எகக் தென்ன" என்றால் பின்னால் ஓட வேண்டாம், ஒரு கோல் எடுங்கள். போட்டோவைக் காட்டி இந்த இரண்டையும் சொன்னால் போதும்.

வடிவான குட்டியை வீதியில் நெடுநேரம் விட்டுவைக்க மாட்டார்கள், இரங்கி யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். ஆகவே அக்கம்பக்கத்து மிருக வைத்தியர்களிடமும் செல்லப்பிராணிச் சாமான் கடைகளிலும் நோட்டீஸ் கொடுங்கள். தூக்கிப் போனவர் முதலில் வருவது அங்கேதான். பொலிஸில் ஒரு முறைப்பாடு போட்டு வைப்பதும் வீண் அல்ல. நாளைக்குக் குட்டி யாருடையது என்று வாக்குவாதம் வந்தால் அந்தப் பதிவும் தடுப்பூசி அட்டையும் பேசும்.

கேள்வி: மாநகர சபை வண்டி பிடித்துக்கொண்டு போயிருக்குமோ என்று அம்மா அழுகிறா.

பழைய காலத்துப் பயம். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006 இல் நிறுத்தியது. இப்போது நடப்பது கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும். இருந்தாலும் மாநகர சபையின் மிருக வைத்தியப் பிரிவில் ஒருமுறை கேட்டு வைப்பதில் நட்டமில்லை.

கேள்வி: "குட்டி எங்களிடம் இருக்கிறது, பத்தாயிரம் போடுங்கள்" என்று ஒரு கோல். போடலாமா?

வேண்டாம். நோட்டீஸில் எழுதாமல் ஓர் அடையாளத்தை எப்போதும் கைவசம் வைத்திருக்க வேண்டும்: வயிற்றில் ஒரு மறு, பின்னங்காலில் ஒரு வெள்ளை நகம். அதைக் கேளுங்கள். இப்போது எடுத்த போட்டோவைக் கேளுங்கள். உண்மையாக வைத்திருப்பவர் ஒரு நிமிடத்தில் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். சன்மானம் கொடுப்பதென்றால் குட்டியைக் கையில் வாங்கிய பிறகு, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில்.

கேள்வி: மாமி அஞ்சனம் பார்க்கச் சொல்கிறா.

மாமி போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். நீங்கள் கேற்றடியை விட்டு எழும்பாதீர்கள்.

கேள்வி: மூன்று நாளுக்குப் பிறகு குட்டி கிடைத்தது. மெலிந்துபோய், உடம்பெல்லாம் உண்ணி. என்ன செய்வது? தூக்கும்போது தம்பியின் கையிலும் ஒரு கடி.

முதலில் தம்பி. காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து. பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே தடுப்பு மருந்து இலவசம். "எங்கட குட்டிதானே" என்று விடாதீர்கள். மூன்று நாளில் அதை எந்த நாய் கடித்தது என்று உங்களுக்குத் தெரியாது, குட்டியிலிருந்தும் விசர்நாய்க்கடி தொற்றும். கடித்த குட்டியைக் கட்டிவைத்து 14 நாள் கவனிக்க வேண்டும், ஆனால் அந்த நாட்கள் முடியட்டும் என்று தம்பி காத்திருக்கக் கூடாது. ஊசி தேவையா என்று டொக்டர் முடிவுசெய்யட்டும்.

இனிக் குட்டி. பல் முரசை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். அதற்கு மேல் எடுத்தால், அல்லது முரசு வெளிறியோ ஒட்டும் பசை மாதிரியோ இருந்தால், அன்றைக்கே மிருக வைத்தியரிடம். தள்ளாடினால் கித்துள் பாணியோ சீனித் தண்ணீரோ அரைத் தேக்கரண்டியை முரசில் பூசிக்கொண்டே புறப்படுங்கள். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும்.

பசியோடு வந்ததென்று தட்டு நிறையப் போடுவதுதான் வழமையான பிழை. வெறும் வயிறு தாங்காது, சத்தியெடுக்கும். மூன்று கிலோக் குட்டிக்கு உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழியும் குழைந்த சோறுமாக இரண்டு மேசைக்கரண்டி, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இரண்டாம் நாள் அதை மெல்லக் கூட்டலாம். தண்ணீரும் சிறு கிண்ணத்தில், கொஞ்சம் கொஞ்சமாக.

உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் பூச வேண்டாம், தோல் புண்ணாகும், நக்கினால் விஷம். காதின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி மூன்றும் தவறவிடுகிற இடங்கள். காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுக்கவே கூடாது. நாயின் சாதாரண உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை, நமக்குக் காய்ச்சல் போலத்தான் சுடும்.

அன்றைக்குத் துள்ளி விளையாடினாலும் இரண்டு கிழமை கண்ணில் வைத்திருங்கள். தடுப்பூசி முடியாத குட்டிக்குத் தெருவில் பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ்) தொற்றியிருந்தால் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் சத்தியும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் தொடங்கும். எலி விஷம் தின்றிருந்தால் மூன்று முதல் ஐந்து நாள் கழித்தே மூக்கிலோ முரசிலோ இரத்தம் கசியும். கான் தண்ணீர் குடித்த குட்டிக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். "கானுக்குள் கிடந்தது" என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் வேறெதையோ தேடிக்கொண்டிருப்பார்.

கேள்வி: மைக்ரோசிப் போட்டால் குட்டி எங்கே நிற்கிறதென்று போனில் பார்க்கலாமாமே?

பார்க்க முடியாது. மைக்ரோசிப் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியது, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் போடுவது. அதற்குள் பற்றரி கிடையாது. வாசிக்கும் கருவியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு உங்கள் போன் நம்பரைப் பதிந்திருந்தால்தான் பயன். இடம் காட்டுவது கழுத்துப்பட்டியில் மாட்டும் ஜிபிஎஸ் கருவி. அதற்கு சார்ஜும் சிக்னலும் வேண்டும், சின்னக் குட்டியின் கழுத்துக்கு அது பாரம்.

சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி போன்ற வெடிச் சத்த நாட்களில் கொழும்புக்குக் கொண்டுவருகிறீர்கள் என்றால் கழுத்துப்பட்டியை மட்டும் நம்பாதீர்கள். பின்னுக்கு இழுத்தால் தலை கழன்றுவிடும். நெஞ்சைச் சுற்றிய வார் போட்டு, சாமான் இறக்கி முடியும்வரை ஓர் அறைக்குள் கதவைச் சாத்தி வையுங்கள். கழுத்துப்பட்டியில் பிளாஸ்டர் சுற்றி, அழியாத மார்க்கரால் இரண்டு நம்பர் எழுதுங்கள். ஒன்று உங்களுடையது, மற்றது நீங்கள் தங்கும் வீட்டினுடையது. குளித்தால் பிளாஸ்டர் கழன்றுவிடும், திரும்ப ஒட்டுங்கள்.